ஒண்ணேகால் ரேடியன்

ஜூலை 9

இன்று முக்கோணவியல் தொடங்கியது. மரகதம் டீச்சர் கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டார். அதன் ஆரத்தின் நீளத்துக்கு ஒரு சணல் கயிற்றை வெட்டி, அதே கயிற்றை வட்டத்தின் விளிம்பில் வளைத்துப் பிடித்தார்.

"இந்த வில்லு மையத்துல உண்டாக்குற கோணம் இருக்குதில்ல, அதான் ஒரு ரேடியன். பயப்படாதீங்க."

"யாரு பயந்தா? தூக்கந்தான் வருது" என்று சுகிர்தா என் காதில் முணுமுணுத்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சுற்றுக்கு 360 பாகை என்று எப்போதோ யாரோ முடிவு செய்தார்கள். நாமும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறோம். ரேடியனில் அந்த யாரோ கிடையாது. வட்டம் தன் ஆரத்தை எடுத்துத் தன்னையே அளந்துகொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தோசைக்கல்லின் விளிம்பில் நூலைச் சுற்றிப் பார்த்தேன். ஆறு ஆரம் வந்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "நாளைக்குத் தோசையில நூலு வரட்டும், உன்னைத்தான் திங்க வெப்பேன்" என்றார். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதத்துக்கு முன்பாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பார்.

ஜூலை 11

பள்ளி விட்டதும் அப்பாவோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாசனை ஆகாது.

அப்பா கொல்லிமலை வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறவர். எங்கள் சேந்தமங்கலத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மே மாதம் டெப்போவில் வண்டியை விட்டு இறங்கும்போது எண்ணெய்த் தரையில் வழுக்கி வலது தோள் தரையில் மோத விழுந்தார். எலும்புக்குத் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. தோளுக்குப் போகும் நரம்புதான் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. கை பக்கவாட்டில் ஏற மறுக்கிறது.

பிசியோ ஜெசிந்தா அக்கா இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை ஒரு திருகில் கோத்த கருவியை அப்பாவின் தோளில் வைத்தார். ஒரு பட்டை உடம்போடு, இன்னொன்று கையோடு. "நாப்பது" என்றார்.

"எவ்ளோ வேணுங்க?" என்று அப்பா கேட்டார்.

"செப்டம்பர்ல சேலத்துல மெடிக்கல் போர்டு இருக்குதில்லண்ணா? ஹெவி வண்டின்னா நூத்திருபதாச்சும் பாப்பாங்க."

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா சொன்னார்: "தூக்க முடியலைன்னா டைம் ஆபீசுல உக்கார வெச்சிருவாங்க கண்ணு. எவன் வண்டி எப்பப் போச்சுன்னு எழுதிக்கிட்டு."

ஜூலை 14

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பாவின் கை ஓர் ஆரம். தோள் மையம். சுவரில் முதுகு படும்படி நின்று, விரலில் சாக்பீஸ் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தூக்கினால் சுவரில் ஒரு வில் விழும். தோள் எலும்பிலிருந்து சாக்பீஸ் நுனி வரை ஒரு நூல் வெட்டி, அந்த நூலால் வில்லை அளந்தால் வருவது நேராக ரேடியன். கருவி தேவையில்லை. பெருக்கல் கூட இல்லை.

அப்பாவுக்கு முதலில் இது விளையாட்டாகத் தெரிந்தது. பிறகு பீரோவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அம்மா கேட்டார்: "அப்ப என்னோட கையி குட்டையாச்சே, எனக்குக் கம்மியாக் காட்டுமா?"

"உங்களுக்கு உங்க கை நீளத்துல நூலு வெட்டுவேன்மா. வில்லும் சின்னதா இருக்கும். கணக்கு ஒண்ணுதான் வரும்."

"பரவால்லையே. இதுலயாச்சும் ஆளுக்குத் தக்கன ஒரு அளவு வெச்சிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா துவைக்கப் போனார்.

நூலைப் பத்துப் பாகமாகப் பேனாவால் குறித்தேன். இன்று 0.7. நாற்பது பாகையை மாற்றினாலும் அதுதான் வருகிறது! சுவரும் கருவியும் ஒத்துப்போகின்றன. 120 என்றால் 2.1. அதாவது இரண்டு நூலும் கொஞ்சமும்.

ஜூலை 28

ஒரு முழு நூல். ஒரு ரேடியன். அம்மா ரவா கேசரி செய்தார். சுகிர்தாவுக்கும் ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டேன்.

அப்பாவும் இன்று நிறையப் பேசினார். "எங்களுக்கு டிகிரியெல்லாம் தெரியாது கண்ணு. ஸ்டியரிங்க புடிச்ச எடத்துல இருந்து கை எவ்ளோ தூரம் போவுதோ, அதான் கணக்கு. இத்தன தூரம் போனாத்தான் இந்த வளைவு திரும்பும்னு கைக்குத் தெரியும்."

"அதுவே ரேடியன்தான்ப்பா. கை போன தூரத்த ஸ்டியரிங்கோட ஆரத்தால வகுத்தா முடிஞ்சுது."

"அப்ப நானு இத்தன வருசமா கணக்குப் போட்டுக்கிட்டுத்தான் மலை ஏறியிருக்கறேன். உங்க டீச்சர்கிட்டச் சொல்லு."

சுவரிலுள்ள எல்லா வில்களும் ஒரே வட்டத்தின் மேல்தான் விழுகின்றன. ஒவ்வொரு நாள் கோடும் முந்தின கோட்டின் மேலேயே ஓடி, அதன் நுனியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வளர்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7

1.1. நேற்றும் 1.1. அதற்கு முன்தினமும்.

ஆகஸ்ட் 11

1.1. அப்பா சாக்பீஸை உடைத்துப் போட்டார். பிறகு அவரே இரண்டு துண்டுகளையும் பொறுக்கி ஜன்னலில் வைத்தார்.

ஆகஸ்ட் 18

1.5! அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் கத்தியதில் அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இன்றைய கோடு பழைய வட்டத்தின் மேலே கொஞ்ச தூரம்தான் போகிறது. அதற்குப் பிறகு வட்டத்தை விட்டு விலகி உள்பக்கமாக, அப்பா நின்ற பக்கமாகச் சாய்கிறது. வேறு இடத்தில் நின்றிருப்பார்.

ஆகஸ்ட் 20

அப்பாவின் இரண்டு பாதங்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். "கோலம் போடுறியா?" என்று அம்மா கேட்டார். இனி தினமும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும்.

1.6. பாதம் நகரவில்லை. கோடு இன்றும் உள்ளே சாய்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 25

1.7. காலாண்டுத் தேர்வு அட்டவணை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 30

மருத்துவமனை. நேற்று வீட்டில் 1.9 வந்திருந்தது. அதை 180-ஆல் பெருக்கி π-ஆல் வகுத்து, 109 என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அக்கா அளப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "நூத்தியொம்பது வரும் பாருங்கக்கா."

"அட, நீயே டாக்டராயிட்டியா?" என்று அக்கா சிரித்தார். இடது கையை அப்பாவின் தோள் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "தூக்குங்கண்ணா" என்றார். "தோள விடுங்கண்ணா. தோள விட்டுட்டுக் கையை மட்டும்." இரண்டு மூன்று முறை அப்படிச் சொன்னார்.

"எழுபத்திரெண்டு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணக்கில்தான் எங்கோ தவறு இருக்கிறது.

ஆகஸ்ட் 31

72 பாகை = 72 × π/180 = 1.2566. ஏறக்குறைய ஒண்ணேகால். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். சூத்திரம் சரி.

நூல் நீண்டுவிட்டதோ என்று அப்பா தூங்கும்போது கையோடு வைத்துப் பார்த்தேன். நீளவில்லை. நூலில் குறித்த பாகங்களை ஸ்கேலால் அளந்தேன். அவையும் சரி.

செப்டம்பர் 2

கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். மெத்தையின் மேல் நோட்டு இருந்ததால் காம்பஸின் முள் நழுவிவிட்டது. வட்டம் பாதியில் கோணி உள்ளே சாய்ந்தது. ஆரம்பித்த இடத்தில் போய்ச் சேரவில்லை.

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காம்பஸ் திறந்திருந்த அகலம் மாறவில்லை. பென்சில் ஒரு தவறும் செய்யவில்லை. மையம் நகர்ந்துவிட்டது. மையம் நகர்ந்த பிறகு பென்சில் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது கோணம் ஆகாது.

முன் அறைக்குப் போய்ச் சுவரில் உள்ளே சாய்ந்த கோடுகளையும், அப்பாவின் தோள் இருக்கும் இடத்தையும் பார்த்தேன்.

செப்டம்பர் 3

இன்று அளவு எடுக்கவில்லை. தலை வலிக்கிறது என்று சொன்னேன்.

செப்டம்பர் 5

அப்பா பழைய காக்கிச் சட்டை ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னார். அவர் உடம்பு பெருத்திருந்த காலத்தில் தைத்தது. இப்போது போட்டால் தோள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தொளதொளவென்று தொங்குகிறது.

"இருக்கற நல்ல சட்டையெல்லாம் வுட்டுட்டு இதையா போர்டுக்குப் போட்டுக்கிட்டுப் போவீங்க?" என்று அம்மா கேட்டார்.

"காத்தோட்டமா இருக்குது, வுடு."

அம்மா பித்தானை மாற்றித் தைத்துக் கொடுத்தார். மாலையில் அப்பா பீரோக் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப. கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"எப்டி கண்ணு இருக்குது?"

"சட்டை நல்லா இருக்குதுப்பா."

செப்டம்பர் 6

அப்பா சுவரில் தூக்கினார். நான் நூலை வைத்தேன்.

"எவ்ளோ?"

"ரெண்டு தாண்டிருச்சுப்பா."

அப்பா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தார்.

செப்டம்பர் 8

போர்டுக்கு முன்னால் கொல்லிமலைக் கோயிலுக்குப் போய் அறப்பளீசுவரரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். அப்பாவின் வழித்தட பஸ்ஸிலேயே போனோம். இப்போது அதை ஓட்டுகிறவர் காளியண்ணன் மாமா. அப்பாவிடம் வேலை கற்றவர் என்று சொல்வார்கள்.

"வாங்கண்ணா, சீட்டு உங்களுது. நானு சும்மா சூடு ஆறாம பாத்துக்கிட்டு இருக்கறேன்" என்றார் மாமா.

"ஒழுங்கா ஓட்டுடா. ஓனரு பின்னாடி உக்காந்திருக்கறேன்."

நடத்துநர், "ஓனருக்கும் டிக்கெட் உண்டுங்களா?" என்று கேட்டதும் முன்பக்கம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு.

காரவல்லி தாண்டியதும் மலை தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதன் எண் எழுதியிருக்கும். மொத்தம் எழுபது. அப்பாவுக்கு எண் பார்க்கத் தேவையில்லை. முதல் இருக்கையில் உட்கார்ந்தபடி, வளைவு வருவதற்கு முன்பே காலைத் தரையில் அழுத்தினார். இரண்டு கைகளும் முட்டிக்கு மேல் எழும்பி, மாமா சுற்றும்போதெல்லாம் தாமும் சுற்றின. அவர் அறியாமல் நடந்தது அது. நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

பாதி மலையில் ஒரு வளைவில் மேலிருந்து பலாப்பழ லாரி ஒன்று வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. மாமா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உடனே திரும்பப் பிரித்து, லாரியைப் பக்கத்தில் உரசாமல் அனுப்பினார். எல்லாம் ஒரு மூச்சு நேரம்.

அப்பாவின் கைகளும் ஒடித்தன. இடது கை போனது. வலது கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. உடம்பை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு இடது கை கீழே வந்து வலது முழங்கையைத் தாங்கித் தூக்கியது. அதற்குள் பஸ் வளைவைக் கடந்துவிட்டது.

அப்பா மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஜன்னலோரம் ஓர் அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவர் மடியில் குழந்தை தூங்கியது. நின்றவர்கள் கம்பியைப் பிடித்தபடி ஏதோ கதை பேசினார்கள். என் அம்மா அர்ச்சனைப் பையை மார்போடு அணைத்திருந்தார். யாரும் பயந்திருக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவரைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை.

கோயிலில் அப்பா நெடுநேரம் நின்றார். மலை இறங்கும் பஸ்ஸில் மாமா எவ்வளவு கூப்பிட்டும் முன்னால் வராமல், கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் 9

பள்ளியிலிருந்து வந்ததும் அப்பா சுவர் அருகே தயாராக நின்றிருந்தார். பாதங்கள் சாக்பீஸ் கோட்டுக்குள்.

"வா கண்ணு. தோள அழுத்திப் புடி."

"எதுக்குப்பா?"

"அந்த பிசியோ பொண்ணு புடிச்சாளே, அப்டி."

ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினேன். தோள் மெலிந்துபோயிருந்தது. தகடு இருக்கும் இடத்தில் தழும்பு மேடாக என் கையில் பட்டது. அப்பா தூக்கினார். தோள் ஒருமுறை மேலே எழும்பப் பார்த்தது. அழுத்திக்கொண்டேன். இடுப்பு சாயப் பார்த்தது. அதை அவரே நிறுத்தினார்.

கோடு பழைய வட்டத்தின் மேலேயே அழகாக ஓடியது. ஓடி, நின்றது.

நூலை வைத்தேன். எடுத்து இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன்.

"எவ்ளோ?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "ஒண்ணேகால்."

"ம்." சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். "அன்னிக்கு அந்தப் பொண்ணு சொன்னதும் இதேதான், இல்ல?"

"ஆமாங்கப்பா."

"உன்னோட கணக்குல தப்பில்ல."

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

செப்டம்பர் 12

சேலம். பள்ளிக்கு விடுப்பு. கிளம்பும்போது அம்மா தொளதொளச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருந்தார். அப்பா அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அளவான சட்டை. அம்மா என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டேன்.

அறைக் கதவுக்குப் பாதித் திரைதான். வெளியே பெஞ்சில் இருந்து எல்லாம் தெரிந்தது. மூன்று மருத்துவர்கள். நடுவில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "சட்டையைக் கழட்ட வேண்டாம். அப்படியே கையைப் பக்கத்துல தூக்குங்க" என்றார்.

தூரத்தில் இருந்து வெறும் கண்ணால் பார்க்கிறார்கள். தோளில் யாரும் கை வைக்கவில்லை. கருவியும் இல்லை. பீரோவில் இருக்கும் அந்தச் சட்டையை நினைத்தேன்.

அப்பா நேராக நின்றார். பாதங்கள் எங்கள் வீட்டுத் தரையில் நிற்பதுபோலவே நின்றன. கையைத் தூக்கினார். தோள் அசையவில்லை. கை ஏறியது, ஏறியது, நின்றது.

"இன்னும் தூக்குங்க. முயற்சி பண்ணுங்க."

"அவ்ளோதானுங்க சார்."

"கொஞ்சம் சிரமப்பட்டாவது பாருங்க. ரிப்போர்ட் எழுதணும்."

"இதுக்கு மேல தூக்குனா அது கையில்லைங்க சார், இடுப்புங்க."

ஓரத்தில் இருந்த மருத்துவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நடுவில் இருந்தவரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து, அப்பாவின் தோளில் கை வைத்து, "கீழ விடுங்க, போதும்" என்றார். அந்தக் குரலை எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை: "ஒண்ணேகால் கண்ணு. கரெக்டா?"

"கரெக்டுப்பா."

பேருந்து நிலையத்தில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றும் குடிக்கவில்லை. நாமக்கல் பஸ் வந்ததும் ஓட்டுநரின் பின்னால் இருந்த இருக்கையைக் காட்டி, "அங்க நீ உக்காரு" என்றார். அவர் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 19

கடிதம் வந்தது. கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை. திங்கள் முதல் பேருந்து நிலைய நேரக் காப்பாளர் அலுவலகம். அம்மா கடிதத்தை ஒரு முறை படித்துவிட்டு, அப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "வெங்காயம் உரிச்சேன்" என்றார். இரவு ரசம்தான். அதில் வெங்காயம் இல்லை.

செப்டம்பர் 24

கணக்குத் தேர்வு. ஐந்து மதிப்பெண் வினா ஒன்று ரேடியனில் வந்தது. விடையை எழுதி, படமும் போட்டேன். படம் கேட்கவில்லை. மையத்தில் ஒரு புள்ளியை அழுத்தி வைத்தேன். தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். காளியண்ணன் மாமா ஜன்னலில் தலையை நீட்டி, "ஓனரே, அஞ்சு நிமிசம் லேட்டு. மன்னிச்சு எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மன்னிக்கறதுக்குக் கட்டம் இல்லடா இதுல" என்றார் அப்பா. எழுதும்போது வலது கை மேசையை விட்டு எழவே தேவையில்லை. அதை நான் கவனிக்காததுபோல் நடந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அப்பா சுவரருகே போய் நின்றார். தரையில் பாதக்கோடு பாதி அழிந்திருந்தது. அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் தினமும் துடைக்கிறார்.

"வா, புடி."

"போர்டுதான் முடிஞ்சிருச்சேப்பா."

"போர்டு முடிஞ்சா கையும் முடிஞ்சிருச்சா? ஏறு ஸ்டூல்ல."

ஏறினேன். தோளை அழுத்தினேன். கோடு வட்டத்தின் மேலேயே வந்து நின்றது. நூலை வைத்து, ஓரம் விலகாமல் விரலால் நீவி விட்டேன்.

"எவ்ளோ?" என்றார் அப்பா.

இருந்ததைச் சொன்னேன்.